சரக்கு மாஸ்டர் சிவனாண்டியின் மனோரஞ்சிதம்

கோவில்பட்டியில் சிவனாண்டி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘மூக்கு மாஸ்டர்’ என்று கேட்டுப் பாருங்கள், பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரர் மறுபேச்சில்லாமல் ஏற்றிக்கொண்டு போய் பூவனநாதன் அண்ணாச்சியின் கடலைமிட்டாய்க் கடை வாசலில் இறக்கிவிடுவார். அந்தக் கடையின் சரக்கு மாஸ்டர் அவன்தான். வெல்லப்பாகு கொதிக்கும்போது சிவனாண்டி கண்ணை மூடிக்கொண்டு சட்டியின் மேல் முகத்தைச் சாய்ப்பான். அசையாமல் நிற்பான். பிறகு ‘ம்’ என்பான். அந்த ‘ம்’முக்குப் பிறகு கடலையைக் கொட்டினால் மிட்டாய் பல்லில் ஒட்டாது, உடைத்தால் டக்கென்று உடையும். கொஞ்சம் முந்தினால் பிசுபிசுப்பு, கொஞ்சம் பிந்தினால் கசப்பு. அண்ணாச்சி வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “எங்க மாஸ்டருக்கு இருக்கது மூக்கு இல்ல வே, மிஷினு!” என்று பீற்றிக்கொள்வார்.

இப்போது ஒரு ரகசியம் சொல்கிறேன். அந்த மூக்குக்கு ஒரு மண்ணும் தெரியாது.

சிரிக்காதீர்கள். கோவில்பட்டியில் பிறந்தவன் ஹாக்கி மட்டையைத் தொடாமல் வளர முடியுமா? பத்தொன்பது வயதில் சிவனாண்டி தெரு டீமின் ஃபுல்பேக். ஒரு டோர்னமெண்டில், எதிர் டீம்காரன் அடித்த பந்து எகிறி நேராக அவன் மூக்குத்தண்டில் வந்து உட்கார்ந்தது. ரத்தம் நின்றது, வீக்கம் வடிந்தது, மூக்கு இடப்பக்கம் கோணியது. வாசம் மட்டும் போனது போனதுதான். அடுத்த வாரம் பக்கத்து வீட்டில் பால் தீய்ந்து அக்கம்பக்கமெல்லாம் மூக்கைப் பொத்தியபோது, இவன் அந்த அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாவகாசமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் அவனுக்கே விஷயம் தெரிந்தது.

தெரிந்தும் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அப்போதுதான் மிட்டாய்க் கடையில் சேர்ந்திருந்தான். கடலை வறுக்கிற இடத்தில், வெல்லம் காய்ச்சுகிற இடத்தில், மூக்கில்லாதவனை எவன் வைத்துக்கொள்வான்? அதனால் காதைத் தீட்டிக்கொண்டான். கடலைத் தோல் வெடிக்கிற சத்தத்தில் வறுவல் பதம் தெரிந்தது. பாகு இளசாக இருக்கும்போது களகளவென்று பேசும், பதத்துக்கு வந்ததும் தொபுக், தொபுக் என்று குரல் தடித்துவிடும். அதைக் கேட்கத்தான் முகத்தைச் சாய்த்தான். பார்த்தவர்களுக்குக் கோணல் மூக்குதான் தெரிந்தது, காது தெரியவில்லை. மூக்கு மாஸ்டர் என்று பட்டம் கட்டிவிட்டார்கள். இவனும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆனாலும் ஆசை விடுமா? 1995 ஐப்பசியில் அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு மிட்டாய் கொண்டுபோய்க் கொடுக்கப் போனான். அந்த வீட்டு வாசல் வளைவு முழுக்கப் பச்சைப்பசேல் என்று ஒரு கொடி. கொடி என்றால் கொஞ்சநஞ்சமில்லை, தண்டே இவன் மணிக்கட்டு கனம். இது என்ன என்று கேட்டான். வீட்டுக்காரம்மா பெருமை பிடிபடாமல் சொன்னார்:

“மனோரஞ்சிதம் தம்பி. வருசம் பூரா இலை உதிராது. இப்போ பூ இல்ல, வெயில் காலத்துல வந்து பாருங்க, மஞ்சளாப் பூக்கும். எந்தப் பழத்த மனசுல நெனச்சிக்கிட்டு மோந்தாலும் அந்தப் பழ வாசம் அடிக்கும். ஒரு பூ போதும், செத்த மூக்கும் எந்திரிச்சி உக்காந்துரும்!”

அந்த அம்மா சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. சிவனாண்டிக்கு அது நேராக நெஞ்சில் இறங்கியது. செத்த மூக்கு எழுந்து உட்காருமா! மண்ணில் பதியம் போட்டு வேர்விட்ட கிளை ஒன்றைக் கெஞ்சி வாங்கி, ஈரச்சாக்கில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு மூன்று பஸ் மாறி ஊர் வந்து சேர்ந்தான். வழியெல்லாம் பக்கத்து ஸீட்காரரிடம் ‘இடிக்காதீங்க, இடிக்காதீங்க’ என்று ஒரே பாட்டு.

கரிசல் மண் பருத்திக்கும் உளுந்துக்கும் தாய், மனோரஞ்சிதத்துக்கு மாமியார். மழை பெய்தால் களியாகக் குழைந்து வேரை மூச்சுவிடாமல் பிடிக்கும். வெயில் அடித்தால் கை நுழைகிற அளவுக்கு வெடித்து, வேரைப் பட்டுப்பட்டென்று அறுக்கும். சிவனாண்டி அதோடு மல்லுக்கு நின்றான். அவன் குடியிருந்தது ஆறு வீட்டு வளவு, நடுவில் பொது முற்றம். முற்றத்து மூலையில் இடுப்பளவு குழி தோண்டிக் கரிசலை அள்ளி வெளியே போட்டான். ஞாயிறுதோறும் கயத்தாறு பக்கம் சைக்கிளில் போய் சிமிண்டுச் சாக்கில் சிவந்த செவல் மண் கொண்டுவந்தான். புதூரில் கட்டிக்கொடுத்த அக்கா சங்கரம்மாள் வீட்டு ஆட்டுப்புழுக்கையும் ஆற்றுமணலும் கலந்து குழியை நிரப்பினான். கோடையில் சுற்றிலும் பாளம் வெடித்தால் வெடிப்பிலெல்லாம் மணலைக் கொட்டி அடைத்தான். மேல்வெயிலுக்குப் பனையோலைத் தட்டி கட்டினான்.

தண்ணீருக்கு என்ன செய்ய? குழாயில் எட்டு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வரும். கிணற்று நீர் உப்பு. மிட்டாய்ச் சட்டி கழுவின தண்ணீரைத் தூக்குவாளியில் கொண்டுவந்து ஊற்றிப் பார்த்தான். வெல்லத் தண்ணீர் அல்லவா? மறுநாள் காலையில் கோவில்பட்டியில் உள்ள அத்தனை எறும்பும் முற்றத்தில் ஊர்வலம்! ஆறு வீட்டுக்காரர்களும் அரிசிப்பானையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், சிவனாண்டி வாங்கிக்கட்டிக்கொண்டான். அன்றிலிருந்து தான் குளிக்கிற நல்லதண்ணீரில் பாதியைக் கொடிக்கு ஒதுக்கினான். அரைக்குளியல் குளித்து ஆள் கறுத்தான், கொடி பச்சை பிடித்தது. இரண்டாம் வருஷம் அது கொக்கி போட ஆரம்பித்தது. கணுவுக்குக் கணு சின்னக் கொக்கி, அதை மாட்டி மாட்டிப் பந்தல் கம்பியில் தொற்றி ஏறியது.

1997 தை மாதம் சங்கரம்மாள் தம்பிக்குப் பெண் பார்த்தாள். பெண் பாலம்மாள், தீப்பெட்டி ஆபீஸில் வேலை. அப்பா சாமித்துரை ரயில்வேயில் கேங்மேன். அம்மா இல்லை. ரயில் பாதையோரம் சின்ன வீடு. பாலம்மாள் டம்ளர்த் தட்டோடு வந்தாள். சிவனாண்டிக்கு அவளைப் பார்த்ததும் உள்ளங்காலில் இருந்து உச்சிவரை ஜிவ்வென்று ஏறிவிட்டது. ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமே! டம்ளரை மூக்குக்கு நேராகத் தூக்கி, கண்ணை மூடி, “அடடா! காபி வாசம் என்னமா இருக்கு!” என்றான்.

அது டீ.

சங்கரம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். பாலம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து உள்ளே ஓடிவிட்டாள். ஆனால் ஒன்று, சிரிக்க வைத்தவனை ஒதுக்க யாருக்கும் மனசு வராது. ரெண்டு வார்த்தை பேசிக்கொள்ளட்டும் என்று பெரியவர்கள் விட்டபோது, கொல்லையில் துவைகல் பக்கம் நின்று அவள்தான் முதலில் ஆரம்பித்தாள்.

“முந்தி ஒருத்தரு வந்தாரு. பாத்த மூணாம் நாளே சரின்னாரு. நாலாம் நாளு வேற பொண்ணுக்குச் சரின்னுட்டாரு. அவசரக்காரவியளக் கண்டா எனக்குப் பயம். நீங்க எப்படி?”

சிவனாண்டிக்குத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? “எங்கிட்ட ஒரு மனோரஞ்சிதக் கொடி இருக்கு. ரெண்டாவது வருசம் நடக்கு. இன்னும் பூக்கல. நானும் விடல,” என்றான்.

பாலம்மாளின் கண் அகலமானது. சின்ன வயதில் மணியாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு மனோரஞ்சிதத்தைத் திருட்டுத்தனமாகப் பறித்தவள் அவள். “கரிசல்லயா? மனோரஞ்சிதமா? சும்மா சொல்லுதீங்க!”

“வந்து பாரு.”

“பாக்கவே வேண்டாம், தெருவுல போனாலே மணக்குமே,” என்றவள் கொஞ்சம் யோசித்தாள். “சரி, இப்படி வச்சிக்கிடுவோம். அது பூத்ததும் மொதப் பூவ உங்க கையால கொண்டாந்து குடுங்க. அன்னைக்கே கழுத்த நீட்டுதேன். அதுவரைக்கும் பெரியவியகிட்ட நான் சாக்குச் சொல்லிக்கிடுதேன். இது நமக்குள்ள இருக்கட்டும்.”

சிவனாண்டி வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தான். அடேயப்பா! ஒரே பூவில் ரெண்டு காரியம். பூத்தால் மூக்கும் முழிக்கும், கல்யாணமும் முடியும்.

பாலம்மாள் தினமும் காலை ஏழு மணிக்குத் தூக்குவாளியோடு அவன் தெரு வழியாகத்தான் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போவாள். இவன் வாசலில் தயாராக நிற்பான். அவள் புருவத்தை உயர்த்துவாள், பூத்ததா என்று அர்த்தம். இவன் கையை ஆட்டுவான், இன்னும் இல்லை என்று அர்த்தம். அவள் சிரித்துக்கொண்டே போவாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு இவன் அன்றைக்கு முப்பது கிலோ மிட்டாய் போடுவான்.

இப்படியே ஒரு வருஷம் ஓடி, 1998 பங்குனிக் கடைசியில் கொடி பூத்தது.

ஆமாம், பூத்தேவிட்டது! ஆனால் மனோரஞ்சிதம் பூக்கிற லட்சணம் உங்களுக்குத் தெரியுமா? மல்லிகை மாதிரி பளிச்சென்று வெள்ளையாகச் சிரிக்காது. பச்சையாகப் பிறக்கும். அந்தக் கொக்கி இருக்கிறதே, அதிலேயே இலையோடு இலையாக ஆறு விரலை விரித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். மஞ்சள் தட்டத் தொடங்கும்போதுதான் வாசம் கிளம்பும். அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் பூவைக் கண்டுபிடிக்க வேண்டும். மூக்கு இல்லாதவன் எங்கே கண்டுபிடிக்க?

சிவனாண்டி நினைத்தது இதுதான்: பூத்தால் என் மூக்குக்குத் தெரியும். செத்த மூக்கையே எழுப்புகிற வாசம் அல்லவா? என் மூக்கு இன்னும் எழவில்லை, ஆகவே கொடி இன்னும் பூக்கவில்லை. கணக்கு சுத்தமாக இருந்தது, விடைதான் தப்பு. பச்சையாகச் சுருண்டு தொங்கியதையெல்லாம் பார்த்துப் பதறிப்போய், இலைக்கு ஏதோ நோய் கண்டிருக்கிறது என்று அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவினான். நாலைந்தைக் கிள்ளி எறியவும் செய்தான். பாவி! எதைக் கிள்ளுகிறோம் என்று தெரிந்திருந்தால் கையை வெட்டிக்கொண்டிருப்பான்.

மீதிப் பூவுக்கு ஒரு ஆள் இருந்தாள். அடுத்த வீட்டு வெயிலுகந்தம்மாள். இவனுக்கு மதினி முறை. வாசல் தெளிக்க விடியற்காலை எழுந்திருப்பவள், முதல் நாளே வாசத்தில் சொக்கிப்போனாள். லேசாக மஞ்சள் தட்டிய பூவாகப் பார்த்துப் பறித்து டிரங்குப் பெட்டியில் சேலை மடிப்புக்குள் வைத்தாள். பெட்டியைத் திறந்தால் பலாப்பழ வாசம்! இது தினசரி வேலையாகிவிட்டது. நன்றாக மஞ்சளாகி இவன் கண்ணில் படுகிறவரை ஒரு பூவும் கொடியில் தங்கவில்லை. மனசாட்சி உறுத்தியது. மூக்கு மாஸ்டருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே, எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்து, பூ பறிக்கிற நாளெல்லாம் ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தனுப்பினாள்.

“மதினி, என்ன தெனமும் குழம்பு? எதுக்கு இதெல்லாம்?”

“ஆமா, ஒண்ணும் தெரியாதவரு கணக்கா கேக்குதாரு பாரு கொழுந்தனாரு!” என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போய்விடுவாள். சிவனாண்டி மதினியின் பாசத்தை நினைத்து உருகி உருகிக் குழம்பைச் சாப்பிட்டான். வளவில் மற்றவர்களும் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. மூக்கு மாஸ்டரிடம் போய் வாசம் வருகிறது என்று எந்தக் கிறுக்கன் சொல்வான்?

கொடி பூத்ததும் ஒரு நாள் காலை ஏழு மணிக்குப் பாலம்மாள் வந்தாள். தெருமுனையிலேயே அவள் நடை துள்ளியது. புருவத்தை உயர்த்தினாள், முகமெல்லாம் சிரிப்பு. சிவனாண்டி கையை ஆட்டினான். இல்லை. அவள் சிரிப்பு கொஞ்சம் குழம்பியது. மறுநாளும் கையை ஆட்டினான். அதற்கு மறுநாளும். வைகாசியில் அவள் புருவம் உயரவில்லை. ஆடியில் தலையைக் குனிந்துகொண்டு போனாள். புரட்டாசியில் அந்தத் தெரு வழியாக வருவதையே விட்டுவிட்டாள். வேலை நேரத்தை மாற்றியிருப்பார்கள் போல என்று இந்த மடையன் நினைத்துக்கொண்டான். மழை வந்தது, பூ ஓய்ந்தது. ஆனாலும் காலை ஏழு மணிக்கு வாசலில் நிற்பதை அவன் நிறுத்தவில்லை.

மறு வருஷம் பங்குனியில் கொடி முன்னைவிடக் கூத்தாகப் பூத்தது. வாசம் தெருவையும் தாண்டி மார்க்கெட் ரோடுவரை போனதாகச் சொல்கிறார்கள். சித்திரை பிறந்தது. ஒரு வியாழக்கிழமை சங்கரம்மாள் புதூர் பஸ்ஸில் இருந்து இறங்கியவள், நேராக மிட்டாய்க் கடை அடுப்படிக்கே வந்துவிட்டாள்.

“ஏலே! பாலம்மாளுக்குச் சாத்தூர்ல மாப்பிள்ள பேசிட்டாவளாம். ஞாயித்துக்கிழம சாயங்காலம் பூ வச்சி உறுதி பண்ண வாராவளாம். ரெண்டு வருசமா என்னலே பண்ணிக்கிட்டு இருந்த? கொடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தியாக்கும்!”

அன்றைக்குப் பாகு கரிந்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

அந்த மூன்று நாளும் சிவனாண்டி பட்ட பாட்டைச் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை ஆட்டுப்புழுக்கையைக் கரைத்து ஊற்றினான். பந்தலுக்கடியில் நின்று, “தாயே, ஒரே ஒரு பூ! ஒண்ணே ஒண்ணு!” என்று கும்பிட்டான். தலைக்கு மேல் ஏழெட்டுப் பூ தொங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை அம்பாசமுத்திரம் போய் அந்த வீட்டில் ஒரு பூ வாங்கிவந்து கொடுத்துவிடலாமா என்று பஸ் ஸ்டாண்டுவரை போய்விட்டான். பஸ்ஸில் ஒரு காலையும் வைத்துவிட்டான். பிறகு, ரெண்டு வருஷம் பொறுத்துவிட்டு மூணே நாளில் ஊரான் பூவைத் தன் பூ என்று நீட்டிப் பொய்யனாவதா என்று காலைக் கீழே எடுத்துவைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. வளவுக் கதவு படாரென்று திறந்தது. பாலம்மாள்!

முற்றத்துக்குள் வந்ததும் ஒரு விநாடி நின்று மூச்சை இழுத்தாள். அவ்வளவுதான், கண் சிவந்துவிட்டது.

“என்ன, இன்னும் பூக்கலையோ?”

“இல்ல பாலம்மா,” என்றான் சிவனாண்டி. “சத்தியமா இன்னும் பூக்கல. ஒரு மாசம், ஒரே ஒரு மாசம் பொறுத்துக்கோ.” அவன் இடது காதோரம் மஞ்சள் தட்டிய பூ ஒன்று உரசிக்கொண்டிருந்தது.

“இத விட அப்பட்டமா ஒருத்தரு பொய் சொல்லி நான் பாத்ததில்ல!” என்று வெடித்தாள். “புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிருக்கலாமுல்லா? போன வருசத்துல இருந்து தெருவே மணக்கு. நான் புதுச்சேல கட்டிக்கிட்டு வந்தா, நீங்க அந்த வாசத்துக்குள்ளயே நின்னுக்கிட்டு இல்ல, இல்லன்னு கைய ஆட்டுதீங்க! என்னைய என்னன்னு நெனச்சீங்க? இன்னைக்குச் சாயங்காலம் சாத்தூர்க்காரவிய வாராவ. உங்க மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போவோம்னுதான் வந்தேன்.”

ஆறு வீட்டுக் கதவும் திறந்துகொண்டன. சிவனாண்டி பந்தலை அண்ணாந்து பார்த்தான்.

“மணக்கா?” என்றான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் டி.வி.எஸ். ஃபிஃப்டி வந்து நின்றது. கோயில் சித்திரைத் திருவிழாவுக்குக் கூடுதல் சரக்குப் போட மாஸ்டரைக் கூட்டிப்போக அண்ணாச்சியே நேரில் வந்துவிட்டார். உள்ளே காலை வைத்ததும், “ஆகா! என்ன மாஸ்டர், மனோரஞ்சிதம் ஆளத் தூக்குதே!” என்றார் பூவனநாதன் அண்ணாச்சி. “உம்ம மூக்குக்கு இந்த வாசத்துல எப்படித்தான் தூக்கம் வருதோ!”

சிவனாண்டி நடுவில் மாட்டிக்கொண்டான். ஒரு பக்கம் பாலம்மாள், ஒரு பக்கம் அண்ணாச்சி. பூத்தது தெரியும், பொய்தான் சொன்னேன் என்றால் வேலை தங்கும், இவள் போவாள். வாசமே தெரியாது என்றால் இவள் ஒருவேளை நிற்பாள், மூக்கு மாஸ்டர் பட்டமும் பதினோரு வருஷச் சோறும் போகும். ரெண்டு மூச்சு விடுகிற நேரம்தான் யோசித்தான்.

“அண்ணாச்சி, எனக்கு வாசமே தெரியாது.”

“என்னது?”

“தெரியாது அண்ணாச்சி. ஹாக்கிப் பந்து பட்ட நாள்ல இருந்து மல்லியும் தெரியாது, மண்ணெண்ணெயும் தெரியாது. பாகுப் பதம் காதாலதான் கேக்குதேன். உங்களயும் ஏமாத்திட்டேன், ஊரயும் ஏமாத்திட்டேன்.” அவன் பாலம்மாளிடம் திரும்பினான். “ஆனா உன்ன ஏமாத்தல தாயி. செத்த மூக்கும் எந்திரிக்கும்னு ஒரு அம்மா சொன்னாவ. அத நம்பித்தான் இத வச்சேன். பூத்தா என் மூக்குக்குத் தெரியும்னு காத்துக்கிட்டே இருந்தேன்.”

பாலம்மாள் அவனை உற்றுப் பார்த்தாள். நம்புவதா வேண்டாமா என்று அவள் முகத்தில் பெரிய போராட்டம் நடந்தது. சட்டென்று, “கண்ண மூடுங்க,” என்றாள். கையை எட்டி ஒரு பூவைப் பறித்தாள். பிறகு வெயிலுகந்தம்மாள் பக்கம் திரும்பி ஏதோ சைகை காட்டினாள். மதினி உள்ளே ஓடி, ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு எடுத்துவைத்திருந்த நெத்திலிக் கருவாட்டைக் கைநிறைய அள்ளிக்கொண்டு வந்தாள்.

“இது ஒண்ணு,” என்று பாலம்மாள் பூவை அவன் மூக்கடியில் வைத்தாள். “இது ரெண்டு,” என்று கருவாட்டை வைத்தாள். “எது மனோரஞ்சிதம்?”

சிவனாண்டி உயிரைக் கொடுத்து மூச்சை இழுத்தான். மறுபடி இழுத்தான். அவன் முகம் மலர்ந்தது. “ரெண்டாவது!” என்று கத்தினான். “ரெண்டாவதுதான்! சன்னமா என்னமோ சுருக்குன்னு ஏறுதே! ஆகா, ஆகா, இதுதான் மனோரஞ்சிதம்!”

வளவே சிரித்து உருண்டது. அண்ணாச்சி திண்ணையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மதினிக்குக் கருவாடெல்லாம் கீழே கொட்டிவிட்டது. சிவனாண்டி கண்ணைத் திறந்து, தன் மூக்குக்கு நேரே நின்ற நெத்திலியைப் பார்த்தான்.

பாலம்மாளும் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க அவள் கண்ணில் தண்ணீர் தளும்பியது. “அன்னைக்கு டீயக் காபின்னு சொன்னீங்களே,” என்றாள். “நான் கூறுகெட்டவ, அப்பவே வெளங்கியிருக்கணும்.”

“அப்போ இது போன வருசமே பூத்திருக்கு, என்ன?” என்றான் சிவனாண்டி மெல்ல. மனசுக்குள் ஏதோ ஒன்று அணைந்தது. இத்தனை வருஷமாக அரைக்குளியல் குளித்து வளர்த்த நம்பிக்கை. “என் மூக்கு இனிமே முழிக்காது, பாலம்மா.”

அவன் அப்படிச் சொன்னதை அவளால் தாங்க முடியவில்லை. “முழிக்காட்டாப் போகுது!” என்று அதட்டினாள். “என் கண்டிசன் என்ன? மொதப் பூவ உங்க கையால பறிச்சிக் குடுக்கணும். பறிங்க!”

“இந்த நோய் புடிச்ச எலையவா?”

“பூவ! அதுக்குச் சாம்பல வேற போட்டு வச்சிருக்கீங்க, படுபாவி மனுசா!”

அவன் பந்தலுக்கடியில் போய்க் கையைத் தூக்கினான். அவள் பின்னால் நின்று, “இன்னும் மேல, இடது பக்கம், அந்தக் கொக்கியில, அதுதான்” என்று வழி சொன்னாள். பறித்தான். அதன் தலையில் இருந்த சாம்பலை ஊதினான். அவளிடம் நீட்டினான். பாலம்மாள் வாங்கிக் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

“சாத்தூர்க்காரவியளுக்குச் செஞ்ச கேசரிய நாமளே தின்னுக்கிடுவோம்னு எங்க அப்பாட்ட சொல்லிருதேன்,” என்றாள். அவ்வளவுதான், கல்யாணம் முடிவாகிவிட்டது.

“ஒரு நிமிசம்,” என்று இடையில் வந்தாள் வெயிலுகந்தம்மாள், முகம் தொங்கிப்போய். “கொழுந்தனாரே, அப்போ நான் பூப் பறிச்சது உமக்குத் தெரியவே தெரியாதா?”

சிவனாண்டி யோசித்தான். “அப்போ அந்தக் குழம்பெல்லாம்…?”

மறுபடியும் வளவு உருண்டது. அண்ணாச்சிதான் முதலில் சுதாரித்தார். எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆறு வீட்டுக்காரர்களையும் சுற்றிப் பார்த்தார். “இங்கன பாருங்க, இது இந்த வளவ விட்டு வெளிய போகப்படாது. கோவில்பட்டி ஜனம் மூக்கு மாஸ்டர் மிட்டாய்னு வாங்குது. காது மாஸ்டர் மிட்டாய்னா எவன்வே வாங்குவான்?” பிறகு சிவனாண்டியின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். “இப்படி ஒரு காதா ஐயா உமக்கு! நாளைக்குக் காலையில அடுப்படிக்கு வந்துரும். இன்னைக்கு லீவு.”

ரகசியம் மூன்று நாளில் ஊர் முழுக்கப் பரவியது. மிட்டாய் வாங்குகிறவர்கள் யாரும் அதனால் குறையவில்லை. ஆனியில் கல்யாணம் நடந்தது. மதினி வீட்டுக் குழம்பு இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறது, இப்போது கேட்டுவிட்டே பறிக்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. கூட்டம் கலைந்த பிறகு, பாலம்மாள் வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். கொண்டையில் இருந்த பூவை எடுத்தாள்.

“இதுக்கு ஏன் வருத்தப்படுதீங்க? நெனைக்கது ஒருத்தராவும் மோக்குறது ஒருத்தராவும் இருந்தா என்ன? நீங்க ஒரு பழத்த மனசுல நெனைங்க. நான் மோந்து, என்ன பழம்னு சொல்லுதேன்.”

“சரி,” என்றான் சிவனாண்டி.

அவள் பூவை முகத்தருகே கொண்டுபோனாள். கண்ணை மூடி, மூச்சை நிதானமாக உள்ளே இழுத்தாள். மூக்கு லேசாகச் சுருங்கி விரிந்தது. நெற்றியில் ஒரு கோடு விழுந்தது. பிறகு அத்தனை முகமும் மலர்ந்து, “சீத்தாப்பழம்!” என்றாள்.

“அடேயப்பா, எப்படிக் கண்டுபிடிச்ச!” என்றான்.

கல்யாணமாகி ஐந்து வருஷமாகிறது. பூக்கிற காலமெல்லாம் தினமும் காலையில் இந்த விளையாட்டு நடக்கிறது, ஒரு தடவைகூட அவள் தோற்றதில்லை. அவன் பழம் எதையும் நினைப்பதே இல்லை என்பது அவளுக்கு இன்னும் தெரியாது. அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, அவன் அவளுடைய மூக்கையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.